பழனிவேல் சார் தொண்டை

— எவ்ளோ நேரம் வாசல்ல நின்னாலும் அதே பதில்தான் கயலு. சாருக்குக் குரல் இல்ல. இல்லன்னா இல்ல. நான் என்னத்தச் சொல்ல!

— சனிக்கிழம ஃபுட்பால் ஃபைனல் மட்டும்தாம்மா. அறுபது நிமிஷம். அதுல பாதி நேரம் பால் அவுட்டுலதான் கெடக்கும்.

— பதினஞ்சு நாளைக்கு ‘ம்’னு கூட சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். இன்னைக்குதான் பத்தாவது நாளு. மீறிக் கத்துனா ஆயுசுக்கும் குரல் வராதாம்.

— அப்பிடியாம்மா சொன்னாரு டாக்டரு?

— சாரு எழுதிக் காட்டுனாரு. நானும் கூட வரேன்னுதான் பொடவையெல்லாம் மாத்திக்கிட்டு நின்னேன். வேணாம்னு கைய ஆட்டிட்டு இவரே தனியா வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. திரும்பி வரப்ப கையில ஒரு சிலேட்டு, ஒரு டப்பா பலப்பம். ஒண்ணாங்கிளாஸ் சேந்த புள்ள மாதிரி வந்து நிக்கிறாரு. எனக்கு அழுவையே வந்துடுச்சி கயலு. சேத்துல உழுற மாட்ட கூட குரலாலயே நிறுத்துவாரு, குமராட்சிப் பக்கம் போய்க் கேளு. அந்த மனுசன் கையில பலப்பம்!

— நான் சார ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்மா.

— பாக்குறதுக்கென்ன, வா. செருப்ப அந்தாண்ட வுடு. கப்பு மேல இடிச்சிக்காத, அது உள்ள தொவரம்பருப்பு வச்சிருக்கேன்.

— இது 2014 கப்பு இல்லம்மா?

— அதுல பருப்பு. 2015-ல புளி. போன வருசத்துக் கப்புக்கு மூடி இல்ல, அதனால சும்மா நிக்குது. பதிமூணு கப்பு வாங்கியாந்தாரு, ஒண்ணாவது குக்கரா குடுத்தானுங்களா, பாவிங்க. என்னாங்க, கயலு வந்திருக்கு, பாருங்க. எழுந்திருக்காதீங்க. எழுந்தா ஏதாவது பேசிடுவீங்க.

— வணக்கம் சார்.

— இரு, எழுதுறாரு. ‘பிராக்டீஸ் ஏன் போவல?’ உன்னத்தான் கேக்குறாரு.

— பிராக்டீஸ்லருந்துதான் சார் நேரா வரேன். ஏழரைக்கே முடிஞ்சிடுச்சி. கோச்சுக்காதீங்க. நாங்க முடிக்கல, அதுவா முடிஞ்சிடுச்சி. காயத்ரியும் வினோதினியும் முட்டிக்கிட்டு விழுந்துட்டாங்க. காயத்ரிக்கு நெத்தியில எலுமிச்சங்கா அளவு வீங்கியிருக்கு.

— ஐயய்யோ. எதிர் டீம்காரிங்க எடக்கால் போட்டாங்களா?

— எதிர் டீம் ஏதும்மா பிராக்டீஸ்ல? ரெண்டு பேரும் எங்க ஆளுதான்.

— ஒங்க ஆளுங்களே ஏன்டி முட்டிக்கிறீங்க?

— அதத்தாம்மா சொல்ல வந்தேன். பத்து நாளா அப்பிடித்தான் நடக்குது. சார் விசில மட்டும் ஊதிட்டு நிக்கிறாரு. எந்தப் பக்கம் ஓடறதுன்னு ஒருத்திக்கும் தெரியல. ஒருத்தி அந்தாண்ட ஓடறா, ஒருத்தி இந்தாண்ட ஓடறா, நடுவுல பால் அனாதையா கெடக்குது. நேத்து ஒரு நாய் வந்து அத உருட்டிக்கிட்டுப் போச்சி. அதான் நேத்து நடந்ததுலயே நல்ல பாஸு.

— எழுதிட்டாரு பாரு. ‘பிளான் பேப்பர்ல குடுத்தேனே.’ ஆமா, ராத்திரி பூரா கோடு போட்டாரு. அம்புக்குறி போட்டாரு. நம்ம வீட்டுக்கு கரண்ட்டு லைன் இழுத்தப்பகூட அவ்ளோ கோடு போடல.

— பேப்பர் இருக்குது சார். பேப்பரால ஒண்ணும் ஆவாது சார். நீங்க கத்தணும்.

— அடியே, மறுபடியும் மொதல்லருந்தா! இவரு தொண்டைக்காக நான் எவ்ளோ பாடு பட்டுக்கிட்டு இருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா? தூதுவள, ஆடாதொட, சுக்கு, மொளவுன்னு வீட்டுக்குள்ள வந்தா மருந்துக்கட மாதிரி வீசுது. திருவந்திபுரத்துக்கு மொட்ட வேற வேண்டிக்கிட்டேன்.

— நீங்களாம்மா?

— எனக்கெதுக்கு? இவருக்குத்தான். என்னாங்க, என்னா வேகமா எழுதுறீங்க? ‘யாரக் கேட்டு?’ சாமியத்தான் கேட்டேன். அந்த நாலு முடியக் குடுத்துட்டு தொண்டைய வாங்கிக்கறது நல்லதுதானே? ஒடம்பு முடியாதப்பதான் மனுசங்க பாசம் தெரியும் கயலு. என் தம்பிய எடுத்துக்க.

— யாரு, சிதம்பரத்துக் கார்த்திகேசன் சாரா?

— அவனேதான். ஒங்க எதிர் டீமு. ஊரு பூரா என்னா சொல்லுது, மாமனும் மச்சானும் கீரியும் பாம்பும்னு. ஒம்போது ஃபைனல்ல இவருகிட்ட தோத்தவன் அவன். ஒவ்வொரு தடவயும் மேட்ச் முடிஞ்சி ஆறு மாசம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான். தீவாளிக்குத் துணிய பார்சல்ல அனுப்புவான். நான் ஸ்டேடியத்துல எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியாம நடுக்கோட்டுக்கு நேரா முறுக்கு விக்கிற ஆயா பக்கத்துல உக்காந்திருப்பேன். அப்பிடிப்பட்டவன், மாமாவுக்குக் குரல் போயிடுச்சின்னு சொன்னதும் போன்லயே அழுதுட்டான். மறுநாள் காலையில சிதம்பரம் பஸ்ஸு கண்டக்டர்கிட்ட மலைத்தேன் ஒரு பாட்டில் குடுத்து அனுப்பியிருக்கான். அடுத்த நாளு அதிமதுரம். அப்பறம் பனங்கல்கண்டு. தெனமும் ரெண்டு தடவ போனு. ‘க்கா, குரல் வந்துச்சா? க்கா, குரல் வந்துச்சா?’

— கார்த்திகேசன் சாரா?

— இவரும் லேசுப்பட்டவரு இல்ல. டாக்டர்கிட்டருந்து வந்து சிலேட்டுல மொதமொத என்னா எழுதுனாரு தெரியுமா? ‘தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லு.’ பொண்டாட்டி நான் எதுர நிக்கிறேன், மொத வார்த்த என் தம்பிக்கு! நான் அப்பிடியே கரைஞ்சிட்டேன். பதினேழு வருசப் பகையெல்லாம் ஒரு தொண்டையில போயிடுச்சி பாத்தியா.

— அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சார்கிட்ட. நீங்களும் இருங்க. சார், கோச்சுக்காதீங்க. சத்தியமா கோச்சுக்காதீங்க.

— எழுதுறாரு. ‘சொல்லு.’

— எனக்கு இதான் சார் கடேசி வருசம். பத்தாவதுல மழையில மேட்ச் நின்னு போச்சி. பதினொண்ணுல கணுக்கால் பெரண்டுடுச்சி, ஸ்டேட்டுக்கு எல்லாரும் போனாங்க, நான் மாவுக்கட்டோட வீட்டுல உக்காந்திருந்தேன். இந்த சனிக்கிழம ஜெயிச்சா ஸ்டேட்டு. ஸ்டேட்டுல ஆடுனாதான் அந்த சர்ட்டிபிகேட்டு. அது இருந்தாதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எனக்கு காலேஜு. மார்க்க வச்சி எனக்கு யாரு குடுப்பா? இல்லன்னா அம்மாவோட ஹார்பர்ல மீன் கூட தூக்க வேண்டியதுதான். அந்த வேலய நான் கொறச்சி சொல்லல. எனக்குப் புடிக்கல, அவ்ளோதான். எனக்குப் பால்தான் சார் புடிக்குது.

— அழுவாத கயலு. தண்ணி குடி.

— அதனாலதான் நான் இப்ப சத்தியத்த மீறப் போறேன். பதினேழு வருசமா ஒரு கேப்டனும் வாயத் தொறக்கல.

— என்னாடி சத்தியம்?

— எங்க டீம்ல கேப்டன் மாறுறப்ப ஒண்ணு செய்வோம்மா. பழைய கேப்டன் புதுக் கேப்டனக் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போவா. முட்டி அளவு தண்ணியில நிக்க வைப்பா. கடல் மேல கைய வச்சி சத்தியம் வாங்கிட்டு, காதுல சொல்லுவா.

— என்னான்னு?

— கோச்சுக்காதீங்க சார். ‘சார் ரைட்டுன்னா லெஃப்ட்டு. சார் லெஃப்ட்டுன்னா ரைட்டு. பாஸ் குடுன்னா கோல் அடி. கோல் அடின்னா பாஸ் குடு. தண்ணி குடின்னா மட்டும் தண்ணி குடி.’

— என்னாது?

— அவ்ளோதாம்மா. அதான் எங்க பிளானு.

— அடிப்பாவிங்களா! இவரு சொல்றத ஒண்ணையுமே நீங்க கேக்குறதில்லையா?

— ரொம்ப கவனமா கேப்போம்மா! கேட்டாத்தானே எதுரா செய்ய முடியும்?

— நான் என்னத்தச் சொல்ல! என்னாங்க... இங்க பாரு, பலப்பம் ஒடஞ்சிடுச்சி. இது யாரு ஆரம்பிச்சி வச்ச வேல?

— முத்தம்மா அக்கா. சார் வந்து மூணாவது வருசம், அவுங்கதான் கேப்டன்.

— அந்தப் பொண்ணா? இப்ப போலீசுல இருக்குதே. இங்க வந்தா சாருக்கு சல்யூட் அடிச்சிட்டு என்கிட்ட கொழம்பு கேட்டு வாங்கித் திங்குமே!

— அவுங்கதான். மொத ரெண்டு வருசம் சார் சொன்னத அப்பிடியே செஞ்சிருக்காங்க. மொத மேட்சு பதினோரு கோல் வாங்கியிருக்காங்க.

— அது எனக்குத் தெரியும். கபடிக்காரரக் கொண்டாந்து ஃபுட்பால் குடுத்தா வேற என்னா ஆவும்? ஸ்கூல்ல ஸ்டோர் ரூமத் தொறந்து பாத்தா ஒரு பால் கெடந்துச்சாம், ஹெச்.எம். அத இவரு கையில குடுத்து ‘இனிமே இதான்’னுட்டாராம். மொத மேட்சு முடிஞ்சி வந்து, ‘பதினோரு புள்ளைங்க, பதினோரு கோலு, ஆளுக்கு ஒண்ணு, கணக்கு சரியாப் போச்சி’ன்னு எங்கிட்ட பெருமையா சொன்னாரு.

— மூணாவது வருசம் செமி ஃபைனல். சார் ‘ரைட்டுல ஓடு, ரைட்டுல ஓடு’ன்னு கத்துறாரு. அன்னைக்குக் கடக்காத்து ஜாஸ்தி. முத்தம்மா அக்காவுக்குப் புரியாம லெஃப்ட்ல ஓடிடுச்சி. ஓடிட்டுத் திரும்பிப் பாத்தா, எதிர் டீமு மொத்தமும் ரைட்டுல நிக்குது! சாரு குரலு எங்களுக்கு மட்டுமா கேக்குது? அந்தாண்ட கெடிலம் ஆறு வரைக்கும் கேக்குது. அவரு ரைட்டுன்னதும் அந்தப் புள்ளைங்க எல்லாம் பயந்துகிட்டு ரைட்ட அடைச்சிட்டாங்க. லெஃப்ட்ல ஒரு ஈ, காக்கா இல்ல. அக்கா நடந்து போயி கோல் போட்டுட்டு, தாவணியச் சரி பண்ணிட்டு வந்துச்சாம்.

— ஃபுட்பால் ஆட்டத்துல தாவணி ஏதுடி?

— அப்பிடித்தாம்மா கதையில வரும். எனக்கு முன்ன கேப்டனா இருந்த தீபிகா அக்கா சொன்னது.

— எனக்கு சிரிப்பு வருது கயலு. சிரிக்கக் கூடாது, பாவம் மனுசன். ஆனா ஒண்ணு, இவருக்கு லெஃப்ட்டு ரைட்டு அப்பவே தகராறுதான். என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, ‘லெஃப்ட்ல திரும்புனா வீடு’ன்னு தரகரு சொல்லி அனுப்பியிருக்காரு. இவரு குடும்பத்தோட ரைட்டுல திரும்பி, அடுத்த தெருவுல யாரு வீட்டுலயோ போய் உக்காந்துட்டாரு. அவுங்களும் யாரோ சொந்தக்காரங்கன்னு நெனச்சி பஜ்ஜி போட்டுக் குடுத்திருக்காங்க. மூணு பஜ்ஜி தின்னுட்டு, ‘பொண்ண வரச் சொல்லுங்க’ன்னிருக்காரு. அவுங்க வீட்டுல பொண்ணே இல்ல.

— சார் சிரிக்கிறாரு!

— சிரிக்கிறாரா? எனக்கு அழுவற மாதிரி இருக்கு. பத்து நாளாப் பேசாததுல மொகமே மாறிப் போச்சி. என்னாங்க, ஏதாவது எழுதுங்களேன். ‘அப்பறம்?’ அப்பறமாம். கயலு, இதுக்கு மேல என்னாடி அப்பறம் இருக்கு?

— அப்பறம்தாம்மா முக்கியம். ஜெயிக்க ஜெயிக்க சார் பேரு பெருசாச்சி. பேப்பர்ல வந்துச்சி. கலெக்டர் கையால சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. யூடியூப்ல ஒருத்தர் வந்து ‘வெற்றியின் ரகசியம் என்ன’ன்னு கேட்டாரு, சார் ‘ஒழுக்கம், ஒழைப்பு, வேர்க்கடல’ன்னு சொன்னாரு. பேரு பெருசாவப் பெருசாவ எதிர் டீமு சார் சொல்றத இன்னும் நம்புது. ‘பழனிவேல் சாரே ரைட்டுன்னுட்டாரு, ரைட்டுலதான் வருவாளுங்க’ன்னு கம்மாபுரம் டீமு கோல் கீப்பரையே ரைட்டுல தள்ளி நிறுத்துச்சி. அதனாலதான் சார், நீங்க பெரிய கோச்சா இருந்தாதான் எங்களால ஜெயிக்க முடியும். நீங்க சும்மா இருந்தா எதுக்கு எதுரா ஓடறதுன்னே எங்களுக்குத் தெரியல!

— இது திட்டா பாராட்டாடி?

— எனக்கே தெரியலம்மா. ஆனா சார், நாங்க யாரும் உங்கள மட்டமா நெனச்சதில்ல. சத்தியமா. எங்க குப்பத்துல பொட்டப் புள்ளைங்கள டவுசர் போட்டுக்கிட்டு ஓட வுடவே மாட்டாங்க. நீங்கதான் வீடு வீடா வந்து கத்துனீங்க. எங்கப்பாகிட்ட நீங்க கத்துனது மூணாவது தெருவுக்குக் கேட்டுச்சாம். அந்தக் கத்தலுக்கு மட்டும் நாங்க எதுரா போவல சார்.

— கண்ணு தொடச்சிக்கிறாரு பாரு. இந்தா, நீயும் தொடச்சிக்க. எனக்கும் வருது. யாருடி அது போன்ல? என் தம்பியா? கயலு, கையெல்லாம் சுக்கு, அந்தப் பச்சய அமுக்கி ஸ்பீக்கர்ல போடு. நீ சத்தம் போடாத.

— க்கா! சாப்ட்டியா? மாமாவுக்குக் குரல் வந்துச்சா?

— இல்லடா கார்த்தி.

— ரவ கூடவா? காத்து மாதிரியாவது வருதா? அதிமதுரத்தத் தேன்ல கொழச்சிக் குடுத்தியா?

— குடுத்தேன்டா. எறும்புதான் மொய்க்குது.

— சித்தரத்த வாங்கி வச்சிருக்கேன். பதினோரு மணி பஸ்ஸுல வரும். கண்டக்டருக்குச் சொல்லிட்டேன். இன்னும் மூணு நாளு இருக்குக்கா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பேசுனா போதும்.

— ஏன்டா, எனக்கு ஒண்ணு புரியல. நீ எதிர் டீமு. ஒங்க மாமா குரல் போனா ஒனக்கு நல்லதுதானே?

— என்னாக்கா இப்பிடிக் கேக்குற! மாமாக்கா! மாமா குரல் இல்லாத ஒரு ஸ்டேடியமா?

— இல்லடா, இங்க இப்பதான் ஒரு கத கேட்டேன். இவரு ரைட்டுன்னா அந்தப் புள்ளைங்க லெஃப்ட்ல... ஏன்டி கையப் புடிச்சி இழுக்குற?

— க்கா. பக்கத்துல யாரு?

— யாருமில்லடா. பூன.

— பூனயயா ‘ஏன்டி’ன்ன?

— பொட்டப் பூன.

— சரி, மாமா இருக்காரா அங்க?

— ரூம்ல படுத்திருக்காருடா. நீ சொல்லு.

— அந்தக் கத எனக்கு ஆறு மாசமா தெரியும்க்கா.

— என்னாடா சொல்ற?

— போன வருசம் ஃபைனல எவனோ யூடியூப்ல போட்டிருந்தான். ஒக்காந்து பாத்தேன். எப்பவும் தோத்த மேட்ச சவுண்ட அமத்திட்டுத்தான் பாப்பேன், மாமா குரலக் கேட்டா எனக்கு வயித்தெரிச்சலா வரும். அன்னைக்கு மறந்து போய் சவுண்டோட பாத்துட்டேன். மாமா ரைட்டுங்கறாரு, அதுங்க லெஃப்ட்ல ஓடுது. லெஃப்ட்டுங்கறாரு, ரைட்டுல ஓடுது. ஏழு தடவ பாத்தேன்க்கா. ஒம்போது வருசம் நானே எங்க புள்ளைங்ககிட்ட, ‘மாமா என்னா சொல்றாரோ அதக் கேட்டு அங்க நில்லுங்க’ன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். எங்க கோல் போஸ்டுக்கு நானே வழி காட்டியிருக்கேன். அன்னைக்கு நான் சோறு திங்கல.

— ஐயோ, கார்த்தி!

— போன மாசம் பெண்ணாடத்துல ஃப்ரெண்ட்லி மேட்சு வச்சமே, அதுல சோதிச்சிப் பாத்தேன். மாமா சொல்றதுக்கு எதுரா நில்லுங்கன்னு சொன்னேன். மூணு கோலு! மூணுக்கு சைபர்! நான் மாமா மொகத்தப் பாக்கல, பாத்திருந்தா சிரிச்சிருப்பேன். அன்னையிலருந்து தெனமும் காலையில அஞ்சரைக்கு எழுப்பி இந்த ஒண்ணத்தான் பழக்கியிருக்கேன். மைக்குல நான் ரைட்டுன்னு கத்துவேன், எங்க டீமு லெஃப்ட்ட அடைக்கும். வேற ஒண்ணுமே பழக்கல. பெனால்டி கூட பழக்கல. இப்ப போயி மாமாவுக்குக் குரல் இல்லன்னா எங்க புள்ளைங்க எத வச்சி ஓடும்?

— அதுக்காடா தேன் அனுப்புன?

— பாசம் இல்லன்னு சொல்லலக்கா. பாசத்துலயும் அனுப்புனேன். ஒம்போது ஃபைனல்க்கா. இந்த வருசமும் தோத்தா ஃபுட்பால கணக்கு வாத்தியார் அன்புமணிகிட்ட குடுத்துடுவேன்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு. எங்க ஸ்கூல் வாட்ச்மேன் என்னப் பாத்தா ‘வாங்க ரன்னர்’ங்கறான். வீட்டுல பொண்டாட்டி கறிக்கொழம்பு வச்சா கூட ‘ரெண்டாவது எடுத்துக்கங்க, ஒங்களுக்குப் பழக்கம்தானே’ங்கறா. நான் மனுசனா இல்லையா?

— டேய், அழாதடா.

— நீ மட்டும் எப்பிடியாவது மாமாவப் பேச வச்சிடு. சனிக்கிழம ஒரு மணி நேரம். பேசுனாப் போதும், கப்பு சிதம்பரத்துக்கு வருது. நீ பருப்பு போட்டு வச்சிக்க, நானே குடுக்குறேன். மூடி போட்ட கப்பா பாத்து வாங்கித் தரச் சொல்றேன். வச்சிடறேன்க்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சி.

— ... வச்சிட்டான்.

— முடிஞ்சிது.

— கயலு.

— முடிஞ்சிதும்மா. அதான் பெண்ணாடத்துல சாரு கத்தக் கத்த அவுங்க எங்க காலுக்குள்ளயே வந்து நின்னாங்க. நாங்க சாப்பாடு சரியில்லன்னு நெனச்சோம். இப்ப சார் கத்தலன்னா எங்களுக்கு ஓடத் தெரியாது. கத்துனா அவுங்களுக்கு ஓடத் தெரியும். ரெண்டு பக்கமும் அடச்சிட்டாங்க. நான் சத்தியத்த மீறுனதுதான் மிச்சம்.

— எல்லாம் என்னாலதான். நான்தான் அவன்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டு கெடக்கேன். காலையில இவரு எத்தன இட்லி தின்னாருன்னு கூட சொல்லியிருக்கேன். என் தம்பி பாசம், தம்பி பாசம்னு ஊரு பூரா பெருமையடிச்சேனே! பாட்டில்ல வந்தது தேன் இல்ல கயலு, சூது. என்னாங்க, மன்னிச்சிடுங்க. உங்க தொண்டையும் போயி, உங்க ரகசியமும் போயி... என்னா எழுதுறீங்க? ‘கதவச் சாத்து.’

— நான் சாத்துறேன்மா.

— ‘ஜன்னலும்.’ சாத்திட்டேன். அப்பறம்? ‘போன ஆஃப் பண்ணு. அரிசி டப்பாவுல போடு.’ போட்டாச்சி. என்னாங்க, வேர்த்துக் கொட்டுது, ஃபேன் கூட ஓடல. இன்னும் என்னா? எழுதுங்களேன். சிலேட்ட ஏன் கீழ வைக்கிறீங்க? வேணாங்க, வாயத் தொறக்காதீங்க, டாக்டர்...

— தொண்டைக்கு ஒண்ணுமில்ல செல்வி, அழுவாத. கார்த்தி கண்டுபுடிச்சிட்டானோன்னு பெண்ணாடத்துலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சி. எதிர் டீமு வாத்தியாருக்குக் குரல் போச்சின்னா ஒருத்தன் சந்தோசப்படணும், ஒந்தம்பி தேன் அனுப்புனான், சந்தேகம் தீந்துச்சி. கயலு, கண்ணத் தொடச்சிக்க. மொத ரெண்டு வருசம் தெரியாம கத்துனேன், மிச்ச பதினேழு வருசமும் நீங்க எதுரா ஓடுவீங்கன்னு தெரிஞ்சேதான் கத்துனேன். சனிக்கிழம ஒரு நாளைக்கு மட்டும், நான் ரைட்டுன்னா ரைட்டுலயே ஓடுங்க.